அந்தியில் கூப்பிடும் பெயர்

22 ஜூன் 1952, ஞாயிறு

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் ஒருவர்கூட என்னைச் சுசீலா என்று கூப்பிடவில்லை.

சிங்கப்பூரில் மிஸ் சுசீலாவாக இருந்தேன். வகுப்பில் அந்தப் பெயரைச் சொன்னால், எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று முதல் வருடம் முழுக்கத் திரும்பிப் பார்த்திருக்கிறேன். இங்கே பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துக் கம்பிவேலிக் கதவில் சோதனைக்கு நின்றபோதே தம்புசாமி அண்ணன் கத்திவிட்டார். "அட, நம்ம குட்டிலா! பி.ஏ. குட்டி வந்திருச்சு!" முன்பு ரப்பர் பால் லாரி ஓட்டியவர். இப்போது ஸ்பெஷல் கான்ஸ்டபிள். காக்கிச் சட்டை, துப்பாக்கி. என் பெட்டியைத் திறந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார். "கோச்சுக்காத குட்டி, ஆர்டர்."

இந்த வேலி நான் போகும்போது இல்லை. தொழிலாளர் லயத்து வீடுகளைச் சுற்றி இரட்டைக் கம்பி. அதற்கு அப்பால் ரப்பர் மரங்கள், அதற்கும் அப்பால் காடு.

மத்தியானம் ஆயாக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். வேலைக்காட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை முனியம்மாக்காதான் பார்த்துக்கொள்கிறார். சோற்றுக்குக் கூப்பிட்டார். மொட்டை, கட்டச்சி, குஞ்சு, பல்லி, வெள்ளெலி. ஒரு பிள்ளைக்கும் ஒழுங்கான பெயர் இல்லையா என்று சிரிப்பு வந்தது. கடைசியாக, "பூச்சி! ஏ பூச்சி! எங்கடி போய்த் தொலைஞ்ச?"

சிரிப்பு நின்றுவிட்டது. பூச்சி என் அக்கா மகள். மூன்றரை வயது. மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டில் வேறு பெயர் உண்டு. இவளுக்கு இது ஒன்றுதான்.

24 ஜூன்

அக்காவிடம் கேட்டே விட்டேன். அவள் பால்வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்கு ஒரு பேரு வைக்கலாமேக்கா?"

"இருக்குல்ல."

"அது பேரா? முனியம்மாக்கா வேடிக்கைக்கு வச்சது. பொறந்தப்ப உள்ளங்கை அளவு இருந்துச்சுன்னு..."

"பேரு அவங்கப்பா வந்து வைக்கட்டும்."

அதோடு சரி. வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா தன் புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். ஆகவே நான் இங்கே எழுதிவைக்கிறேன்: நல்லமுத்து. என் அத்தான். தொழிற்சங்கத்தில் முன்னால் நின்றவர். அவசரகாலம் அறிவித்த அந்த வருடம், அக்காவுக்கு ஆறு மாதம். அத்தான் சந்தைக்கு, அலோர் காஜா பாசாருக்குப் போனார். மஜீது பாய் கடையில் அக்காவுக்கு வேர்க்கடலை வாங்கினார் என்பது வரைக்கும் தெரியும். பிறகு தெரியாது. போலீஸ் பிடித்தது என்றார்கள். காட்டுக்குள், கம்யூனிஸ்டுகளோடு போய்விட்டார் என்றார்கள். கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார் என்றும் ஒருத்தர் சொன்னார். அப்போது நான் மலாக்காவில் பள்ளிக்கூட விடுதியில் இருந்தேன்.

அக்கா இன்னும் பொட்டு வைக்கிறாள். உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடி கூடுதலாகப் போடுகிறாள். அவருக்கு. ரேஷன் அரிசி எங்களுக்கே போதவில்லை, ஆனாலும் போடுகிறாள்.

பெயர் வைத்தால் அவர் இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அதைத்தான் அவள் சொல்கிறாள். எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? நாளைக்கு இவள் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வாள்?

2 ஜூலை

மலாக்காவில் பெண்கள் பள்ளி ஒன்றில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. ஆகஸ்டில் நேர்முகம். பேச வேண்டுமே என்று இப்போதே பதில்களை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

பூச்சி நான் சிங்கப்பூரிலிருந்து முன்பு அனுப்பிய சட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். பச்சைத் துணியில் வெள்ளை வாத்துகள். சிராங்கூன் ரோட்டில் வாங்கியது. எல்லா வாத்துக்கும் அவள் பெயர் வைத்திருக்கிறாள். இப்போது தோள் கொள்ளவில்லை. போடு போடு என்று அழுதாள். அக்கா வாங்கி மடித்து வைத்துவிட்டாள்.

அவளுக்குப் பெயர் இல்லை. அவள் வாத்துகளுக்கு இருக்கிறது.

9 ஜூலை

பூச்சி சாப்பிடும்போது சொன்னாள்: "அப்பா கூப்புட்டாங்க." அக்கா தலை நிமிரவில்லை.

10 ஜூலை

முனியம்மாக்காவிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். பிள்ளைகள் அப்படித்தான், எல்லாருக்கும் அப்பா இருக்கிறதைப் பார்த்துச் சொல்லும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க வச்சுக் கூப்பிட்டுச்சாம்?"

"வேலிப் பக்கம். கக்கூஸுக்குப் பின்னால."

"எத்தன தடவ?"

"ஒரு தடவதான்னு சொல்றா."

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அந்தி நேரத்துல ஒரு தடவ கூப்பிட்டா ஏன்னு கேக்கக்கூடாது குட்டி. மூணு தடவ கூப்பிட்டா மனுசன். ஒரு தடவையோட நின்னா அது வேற. நீ படிச்சவ, சிரிப்ப."

நான் சிரிக்கவில்லை.

13 ஜூலை, ஞாயிறு

நானே கேட்டேன்.

ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்பு. லயத்தில் எல்லாரும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தினமும் அந்த நேரத்தில் ஒரே கூச்சல். மொட்டை, பல்லி, பூச்சி என்று கத்துவது காடு வரைக்கும் கேட்கும். பிறகு ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். பூச்சியை மட்டும் காணோம். தேடிக்கொண்டு கக்கூஸுக்குப் பின்னால் போனேன். வாய்க்கால் வேலிக்கு அடியில் நுழைந்து வெளியே போகும் இடத்தில் அவள் குந்தியிருந்தாள், மரங்களைப் பார்த்தபடி.

மரங்களுக்கு இடையிலிருந்து, "பூச்சி."

ஆண் குரல். உரக்க அல்ல. தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி. ஒரே தடவை.

பிள்ளை சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள்.

எப்படி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று தெரியாது. அத்தான் குரலா? நான்கு வருடம் ஆகிறது. அவர் என்னிடம் பேசியதே "நல்லாப் படி குட்டி" என்பதுதான். அதை வைத்து ஒரு குரலை எப்படி அடையாளம் காண்பது?

ஆனால் வேறு யார் வந்து இவளைக் கூப்பிடப்போகிறார்கள்.

17 ஜூலை

இதை எழுதக்கூடாது. எழுதாமல் தலை வெடிக்கிறது. பிறகு கிழித்துவிட வேண்டும்.

அக்கா அந்தக் கூடுதல் கைப்பிடிச் சோற்றைத் துணியில் முடிந்து வாய்க்கால் வழியாக வெளியே தள்ளுகிறாள். பார்த்துவிட்டேன். அவள் பங்கிலும் பாதி போகிறது. அதனால்தான் கன்னம் இப்படி ஒட்டிப்போயிருக்கிறது.

வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி போனால் என்ன தண்டனை என்று கதவிலேயே மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சிறை. அல்லது நாடுகடத்தல். காலையில் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் மடியைக்கூட அவிழ்த்துப் பார்க்கிறார்கள். அக்கா பிடிபட்டால் பூச்சிக்கு யார்? எனக்கு யார்? என் பட்டம் அவள் மரம் சீவிக் கொடுத்தது.

கேட்க வேண்டும். நாளைக்குக் கேட்பேன்.

18 ஜூலை

கேட்கவில்லை.

21 ஜூலை

ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருக்கிறேன். யார் "பூச்சி" என்று கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. திரும்பினால் தோற்றுப்போனாய். திரும்பாமல் இருந்தால் தேங்காய் மிட்டாய். நான் கொல்லையில் நின்று கூப்பிடுவேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தோளெல்லாம் குலுங்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பாள். முதல் நாள் எல்லாத் தடவையும் தோற்றாள். இன்று தோற்கவில்லை.

"அப்ப எம்பேரு என்னா சித்தி?"

எனக்குச் சட்டென்று வாயில் வந்தது. "சாந்தி."

26 ஜூலை

சாந்தி என்ற பெயரை அக்காவிடம் பிள்ளையே சொல்லிவிட்டாள். "நான் பூச்சி இல்ல. சாந்தி."

அக்கா அடித்தால் பரவாயில்லை என்றிருந்தது. அடிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வச்சிட்டியா?"

"அக்கா, நான்..."

"எம்புருஷன் செத்துட்டாருன்னு உனக்கு யாரு சொன்னா? சிங்கப்பூர்ல எழுதிப் போட்டிருந்துச்சா?"

"இல்லக்கா."

"அப்ப நீ யாரு பேரு வைக்க?"

அவர் உயிரோடு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் சோறு தள்ளுகிறாள். அது எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. பார்த்ததைச் சொல்லாமல் விளக்கைத் துடைக்கப் போய்விட்டேன். நான் எப்போதுமே இப்படித்தான்.

மூன்று நாளாகப் பேச்சில்லை என்று எழுதப்போகிறேன், பார்.

30 ஜூலை

பேச்சில்லை.

அந்தியில் குரல் கேட்கிறது. எல்லா நாளும் இல்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையின் காதைப் பொத்துகிறேன். பொத்தாத என் காதில் விழுகிறது. நான் எந்த அறையில் இருந்தாலும் என்னைக் கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது. "குட்டி" என்று கூப்பிட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

2 ஆகஸ்ட்

விடிகிற நேரத்தில் துப்பாக்கிச் சத்தம். வேலிக்கு வெளியே, ஆற்றுப் பக்கம். நாய்கள் குரைத்து ஓய்ந்தன. அக்கா எழுந்து உட்கார்ந்தாள், பிறகு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கொண்டையை முடிந்துகொண்டு வேலைக்குப் போனாள்.

இன்று அந்தியில் குரல் இல்லை.

4 ஆகஸ்ட், திங்கள்

நேர்முகத்துக்கு மலாக்கா போகும் வழியில் அலோர் காஜாவில் பஸ் மாறினேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கூட்டம். காட்டில் சுடப்பட்ட ஒரு உடலை மூங்கில் தட்டியில் கிடத்தியிருந்தார்கள், எல்லாரும் பார்க்க வேண்டும் என்று. பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட எட்டிப் பார்த்தன.

நான் பாதத்தைப் பார்த்தேன். இரண்டு பாதமும் வெந்தது போல வெளிறி, விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. முகத்துக்கு என் கண் போகவில்லை. இன்னும் இரண்டு அடி போயிருந்தால் தெரிந்திருக்கும். போகவில்லை. பஸ் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஓடினேன். பஸ் வரவில்லை.

நேர்முகத்தில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. வேலை கொடுத்துவிட்டார்கள்.

அக்காவிடம் என்ன சொல்வது? பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை என்றா?

5 ஆகஸ்ட்

இதையும் பிறகு கிழிக்க வேண்டும். இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் யாரையும் வேலைக்கு விடவில்லை. பெரட்டுக் களத்தில் எல்லாரையும் உட்கார வைத்தார்கள். வெளியிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். செத்தவன் இடுப்பில் சோறு முடிந்த துணி இருந்ததாம். சோறு இந்தத் தோட்டத்திலிருந்துதான் போயிருக்கிறதாம். துணி யாருடையது?

தம்புசாமி அண்ணன் கையில் இருந்தது. சேறும் கறையுமாக ஒரு கந்தல். அதன் ஓரத்தில் பச்சை.

வாத்துச் சட்டை.

பக்கத்தில் அக்கா அசையவே இல்லை. நான் திரும்பி மற்றவர்களைப் பார்த்தேன். ஒரு வருடம் பூச்சி அந்தச் சட்டையோடுதான் இந்தக் களம் முழுக்க ஓடினாள். எல்லாருக்கும் தெரியும். முனியம்மாக்காவுக்குத் தெரியும், அவர்தான் பொத்தான் தைத்தார். எல்லாரும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர்கள் பேசவில்லை என்றதும் இன்ஸ்பெக்டர் பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்குப் பொய் தெரியாது என்றார். தம்புசாமி அண்ணன் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். மொட்டை. கட்டச்சி. பல்லி. கந்தலைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக் காட்டினார். வாத்து உள்ளே இருந்தது. பிள்ளைகள் பார்த்துவிட்டு, தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டு வந்தன. அவற்றுக்கு அது ஒரு அழுக்குத் துணி. பூச்சிக்கு அப்படியில்லை. ஓரத்துப் பச்சையைப் பார்த்தாலே போதும், என் வாத்து என்று பிடுங்குவாள்.

"பூச்சி."

அவள் என் மடியில், களத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. மிட்டாய் எங்கே என்று கண் கேட்டது.

தம்புசாமி அண்ணன் எங்களைப் பார்த்தார். இன்னொரு தடவை கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் இன்ஸ்பெக்டரும் பார்ப்பார்.

"வெள்ளெலி," என்றார். அடுத்த பிள்ளை எழுந்து போனது.

ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டார்.

யாரும் ஒத்துக்கொள்ளாததால் தோட்டம் முழுவதற்கும் ரேஷன் பாதியாம். கலைந்து போகும்போது முனியம்மாக்கா அக்காவின் காதோடு சொன்னது எனக்கும் கேட்டது. "உன் தங்கச்சி நல்ல துணியாத்தான் பாத்து வாங்கியிருக்கா. சாயமே போகலடி பாவி."

6 ஆகஸ்ட்

அக்கா பேசினாள்.

நான்தான் அழுதுகொண்டே தொடங்கினேன். அலோர் காஜாவில் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை, என்னை மன்னித்துவிடு, அத்தானை அப்படிப் போட்டு வைத்திருந்தார்கள் என்றேன். அவள் பூச்சியின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அது அவரு இல்லடி."

"உனக்கு எப்படிக்கா..."

"மொத நாளே தெரியும். அவரா இருந்தா பூச்சின்னு கூப்பிட்டிருக்க மாட்டாரு. வயித்துல இருக்கறப்பவே அவரு ஒரு பேரு சொல்லித்தான் கூப்பிடுவாரு. எனக்கும் அவருக்கும் மட்டுந்தான் தெரியும். இன்னி வரைக்கும் நான் வாயத் தொறந்து சொன்னதில்ல. யாராவது வந்து நாந்தான் அவருன்னு சொன்னா, அத வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்னு வச்சிருக்கேன்."

"அப்ப அங்க நின்னது யாரு?"

"யாருக்குத் தெரியும். நாம அந்தியில கத்துறதக் கேட்டுக் கத்துக்கிட்டிருக்கான். பூச்சி பூச்சின்னு நாமதான தெனம் கத்துறோம்."

"யாருன்னே தெரியாதவனுக்கா சோறு குடுத்த? போலீஸ் பிடிச்சிருந்தா?"

ஒரு பேனை நகத்தில் வைத்து நசுக்கினாள்.

"சோறு குடுன்னு அவன் ஒரு நாளும் கேக்கல குட்டி. எம்புள்ள பேரத்தான் சொன்னான். ஒரு தடவ சொல்லிட்டு, அவ திரும்பிப் பாத்தா போதும்னு நின்னுக்கிட்டே இருந்தான். அவனுக்கும் எங்கயாவது ஒண்ணு இருக்கும்." அடுத்த வகிட்டைப் பிரித்தாள். பிறகு, "இவரு எந்த வேலியில நின்னுக்கிட்டு எவ புள்ளையக் கூப்பிடுறாரோ."

அந்தப் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை.

19 ஆகஸ்ட்

பாதி ரேஷன். மரவள்ளிக்கிழங்கு. லயத்தில் ஒருவரும் எங்கள் வீட்டுப் பக்கம் முகம் சுளிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அந்தியில் பிள்ளைகளைக் கூப்பிடும்போது இப்போது யாரும் கத்துவதில்லை. போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறார்கள். வேலிக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் நான் காதைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். அவன் பாதம் மட்டும் எனக்குத் தெரியும். பெயர் தெரியாது. அவனை யாராவது ஏதாவது சொல்லிக் கொஞ்சியிருப்பார்களே.

30 ஆகஸ்ட்

நாளை மலாக்கா. தங்கா பத்துவில் ஒரு வீட்டில் அறை. பூச்சியை விட்டுப் போகிறேன். சாந்தி என்று நான் மறுபடி சொல்லவில்லை.

6 செப்டம்பர் 1953, ஞாயிறு

ஒரு வருடம் எழுதவே இல்லை. மிஸ் சுசீலா என்று கூப்பிட்டால் இப்போது நான் உடனே திரும்புகிறேன்.

நம் பக்கத்தைக் கம்யூனிஸ்ட் பயம் ஒழிந்த வெள்ளைப் பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். ஊரடங்கு இல்லை, ரேஷன் இல்லை. வேலிக் கதவைத் திறந்து கல் வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தம்புசாமி அண்ணன் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன என்னிடம், "இனிமே என்னா வேணா கொண்டு போ குட்டி, நான் பாக்க மாட்டேன்லா," என்றார்.

அக்கா கதவுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வேலை விட்டு வந்ததும் அங்கேதான் உட்கார்கிறாளாம். மறைந்திருந்தவர்கள், ஓடிப்போனவர்கள், ஒருவர் இருவர் வரத்தான் செய்கிறார்கள். கோலா சுங்கை பாருவில் ஒருத்தி புருஷன் வந்துவிட்டானாம்.

27 செப்டம்பர், ஞாயிறு

மூன்று வாரமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து பார்க்கிறேன். அக்கா அந்த மரத்தடியில்தான். நேற்றும் அங்கேதான். சாலையில் ஒவ்வொரு பஸ்ஸும் நின்று, யாரையாவது இறக்கிவிட்டுப் போகும். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

இன்று கடைசி பஸ் நிற்காமலே போனது. அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். பூச்சி திறந்த கதவைத் தாண்டி வெளியே, ரப்பர் மரங்களுக்குக் கீழே கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நான் அவளிடம் இதுவரை கேட்டிராத ஒரு குரலில், கத்தினாள்.

"ஏ தொரசாணி!"

லயத்தில் எல்லாத் தலையும் வாசலுக்கு வந்தது. தோட்டத்துத் துரையின் வெள்ளைக்கார மனைவியைத்தான் அப்படிச் சொல்வோம். அந்த அம்மாள்தான் வந்துவிட்டாளோ என்று முனியம்மாக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடி வந்தார். "எங்கடி? எங்க தொரசாணி?"

"எம்பொண்ணு. அவங்கப்பா வச்ச பேரு." அக்கா மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள கெடந்து ஒதைப்பா. அப்ப காத வச்சுக் கேட்டுட்டுச் சொல்லுவாரு, பூட்சு போட்டுல்ல ஒதைக்கிறா, தொரசாணிதான் பொறக்கப் போறான்னு."

"சங்கத்துக்காரன் புள்ளைக்கு வைக்கிற பேராடி இது!" முனியம்மாக்கா சிரித்தார். லயமே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் தனக்கென்று வைத்திருந்த ஒரே அடையாளம் அது. இனி யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம்.

"தொரசாணி!"

பிள்ளை திரும்பவில்லை. அது தன் பெயர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"ஏ தொரசாணி! வீட்டுக்கு வாடி!"

மூன்றாவது தடவை. கை நிறையக் கொட்டையோடு நிமிர்ந்து, சுற்றிலும் வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, ஓடி வந்தாள்.

உள்ளே வந்து அக்கா அடுப்பு மூட்டினாள். இப்போது அரிசிக்குக் கணக்கில்லை. மூட்டையில் கையை விட்டு அள்ளினாள். எனக்கு, பிள்ளைக்கு, அவளுக்கு. நான் அடுத்த கைப்பிடிக்குக் காத்திருந்தேன். அவள் மூட்டையின் வாயைச் சுற்றிக் கட்டிவிட்டு, உலையை மூடினாள்.